சாமானுக்குக் கட்டு, ஆளுக்கு விதியா?



சென்ற மாதம் உறவினர் வீட்டு விசேஷத்துக்காகச் சிங்கப்பூர் போயிருந்தேன். காத்தோங்கில் சிலோன் சாலை செண்பக விநாயகர் கோயிலில் கும்பிட்டுவிட்டு, ஈஸ்ட் கோஸ்ட் சாலை ஓரமாக நடந்து வந்தேன். பழைய கடைவீடு ஒன்றில் பழுது பார்க்கும் வேலை முடிந்து சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சிறிய லோரி. அதில் புத்தம் புது ஐஸ்பெட்டி ஒன்று நின்றது. அதற்குக் கம்பளி போர்த்தி, மூலைக்கு அட்டை வைத்து, இரண்டு பட்டைகளை இழுத்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள். நல்ல கட்டு. குறை சொல்வதற்கில்லை.

அதன் பக்கத்தில் இரும்புக் குழாய்க் கட்டு ஒன்று, சாயப் பீப்பாய் ஒன்று, கேஸ் சிலிண்டர் ஒன்று. மூன்றுக்கும் கட்டு இல்லை. அந்த மூன்றுக்கும் நடுவே ஆறு ஆட்கள் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டுநர் தமிழர். "தம்பி, சிலிண்டரைக் கட்டக் கூடாதா?" என்று கேட்டேன்.

"நாலு கொக்கிதான் அண்ணே இருக்கு. நாலும் ஐஸ்பெட்டிக்குப் போயிருச்சு."

"அப்போ இந்த ஆளுங்க?"

"அவங்க பிடிச்சுக்குவாங்க."

லோரி போய்விட்டது. அந்த வார்த்தை போகவில்லை. அவங்க பிடிச்சுக்குவாங்க! ஐஸ்பெட்டிக்குக் கை இல்லை. அதனால் அதற்குப் பட்டை. தொழிலாளிக்குக் கை இருக்கிறது. அதனால் அவனுக்கு ஒன்றும் இல்லை. இதுதான் இந்த நாளின் நியாயம்!

அதே காத்தோங்கில், 2025 ஜூலை 26-ஆம் நாள் மாலை என்ன நடந்தது என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். தஞ்சோங் காத்தோங் சாலை தென்பகுதியில் சாலை உள்வாங்கிப் பெரும் பள்ளம் விழுந்தது. ஒரு கார் அதற்குள் போனது. காரை ஓட்டிய பெண் உள்ளே சிக்கிக்கொண்டார். பக்கத்து வேலைத்தளத்தில் இருந்த வெளிநாட்டுத் தொழிலாளர் எழுவர் ஓடி வந்தார்கள். கயிற்றை வீசினார்கள். சில நிமிடங்களில் அந்தப் பெண்ணை மேலே இழுத்துக் காப்பாற்றினார்கள். அந்த எழுவரில் நம் தமிழரும் உண்டு. மனிதவள அமைச்சு அவர்களுக்குப் பாராட்டு நாணயம் வழங்கியது. அதிபர் தர்மன் சண்முகரத்தினம் அவர்களை மாளிகைக்கு அழைத்துச் சந்தித்தார். பொதுமக்கள் நன்கொடை திரட்டினார்கள். எல்லாம் நல்லதே, மனம் குளிர்ந்தது.

ஆனால் கேட்கிறேன்: யாரோ ஒருவர் உயிருக்காக நொடியில் கயிறு வீசத் தெரிந்த வர்க்கத்துக்கு, அதன் சொந்த உயிருக்கு யார் கயிறு வீசுவது? அவர்களைப் போன்ற ஆயிரமாயிரம் பேர் தினமும் காலையிலும் மாலையிலும் லோரியின் பின்தட்டில்தானே போய் வருகிறார்கள்! பாராட்டு நாணயத்தைச் சட்டைப் பையில் போடலாம். பிரேக் அடிக்கும்போது அதைப் பிடித்துக்கொள்ள முடியுமா?

சட்டம் என்ன சொல்கிறது, பார்ப்போம். சிங்கப்பூரில் காரின் பின்னிருக்கையில் உட்காருகிறவர் இருக்கைப் பட்டை போடவேண்டும் என்பது 1993 முதல் கட்டாயம். நம் மலேசியாவில் 2009 முதல் கட்டாயம். சாமான் கீழே விழாதபடி கட்டவேண்டும் என்பதும் சட்டம். ஆனால் லோரியின் பின்தட்டில் உட்காரும் தொழிலாளிக்கு இருக்கையும் கட்டாயமில்லை, பட்டையும் கட்டாயமில்லை. சரக்கு வண்டியில் பொதுவாக ஆள் ஏற்றக் கூடாது என்று சொல்லும் அதே சட்டம், தன் வேலையாட்களை முதலாளி ஏற்றிச் செல்லலாம் என்று விலக்குக் கொடுத்திருக்கிறது. ஊருக்கெல்லாம் ஒரு விதி. உழைப்பவனுக்கு மட்டும் ஒரு விலக்கு.

திருத்தம் எதுவும் வரவில்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். தலைக்கு 4 சதுர அடி என்று இருந்த இடம் 8 சதுர அடி ஆயிற்று. 2010 ஜூனில் தீவு விரைவுச் சாலையில் மூன்று தொழிலாளர் மாண்ட பிறகு, மேற்கூரையும் உயர்ந்த பக்கக் கம்பியும் குறித்த காலத்துக்கு முன்பே, 2011-இல், கட்டாயமாயின. 2021 ஏப்ரல் 20-ஆம் நாள் அதே சாலையில் நின்றுகொண்டிருந்த டிப்பர் லோரியில் தொழிலாளர் லோரி மோதி இருவர் உயிரிழந்தார்கள். 2023 முதல் ஓட்டுநருக்கு ஓய்வு, வண்டிக்கு ஒரு துணையாள், மழைத் திரை என்று விதி வந்தது. 3,501 முதல் 12,000 கிலோ வரை எடையுள்ள லோரிகள் 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தும் விதி 2026 முதல் படிப்படியாக வருகிறது. வரவேற்கிறோம். ஆனால் வரிசையைக் கவனியுங்கள்: ரத்தம் சிந்திய பிறகே ஒவ்வொரு சலுகையும் வந்திருக்கிறது.

60 கிலோமீட்டர் என்றால் மெதுவான வேகம் என்று நினைக்காதீர்கள். அந்த வேகத்தில் போய் மோதுவது, 14 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். நல்ல வளர்ந்த தென்னை மரத்தின் தலையிலிருந்து விழுவது போல. இப்போது சொல்லுங்கள்: எவன் கை அதைப் பிடித்துக்கொள்ளும்?

இனி கொக்கிக் கணக்குக்கு வருவோம். நான் கிராணி, கணக்குத்தான் எனக்குத் தெரிந்த ஆயுதம்.

200 லிட்டர் பால் ட்ரம் ஏறக்குறைய 200 கிலோ. அமெரிக்கச் சட்டம் சொல்வது என்ன? பலமாகப் பிரேக் அடிக்கும்போது சாமான் தன் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசையோடு முன்னே தள்ளும். வளைவில் பக்கவாட்டில் பாதி எடை தள்ளும். அதைத் தாங்கும்படி கட்டு இருக்கவேண்டும். அப்படியானால் ஒரு ட்ரம் 160 கிலோ பாரத்தோடு முன்னே பாயும். முன்னே யார் இருக்கிறார்கள்? நம் ஆட்கள் இருக்கிறார்கள்.

கட்டுகிற பட்டைகளின் தாங்கும் திறன் மொத்தமும் சாமான் எடையில் பாதிக்குக் குறையக் கூடாது என்பதும் அந்தச் சட்டம். ஐந்தடிக்கு மேல் பத்தடி வரை நீளமுள்ள சாமானுக்கு இரண்டு கட்டு. அதற்கு மேல் ஒவ்வொரு பத்தடிக்கும் இன்னொன்று. ஒரு கட்டுக்கு இரண்டு கொக்கி வேண்டும். ஐஸ்பெட்டிக்கு நாலு, குழாய்க்கு நாலு, சிலிண்டருக்கும் பீப்பாய்க்கும் இரண்டிரண்டு. ஆக மொத்தம் பன்னிரண்டு. லோரியில் இருந்ததோ நாலு. குற்றம் ஓட்டுநர் மீதா? நாலு கொக்கி வைத்த வண்டியைக் கொடுத்து, பன்னிரண்டு கொக்கி வேலையைச் செய் என்றவர் மீதா?

கொக்கி இருந்தால் மட்டும் போதாது. இருக்க வேண்டிய இடத்தில் இருக்கவேண்டும். சாமானுக்கு மேலாகப் பட்டை போடும்போது, அது செங்குத்தாக இறங்கினால்தான் முழு அழுத்தமும் கிடைக்கும். கொக்கி தூரத்தில் மூலையில் இருந்து, பட்டை தரையோடு 30 பாகை சாய்ந்து போனால், அழுத்தம் பாதியாகிவிடும். கட்டியது போல் தெரியும். கட்டாதது போல் நகரும். நாலு மூலையில் நாலு கொக்கி வைத்த பின்தட்டில் நடப்பது இதுதான். ஆகவே பக்கப் பலகை ஓரமாகவும் தரை நடுவிலும் வரிசையாகக் கொக்கி வேண்டும்.

அதற்காக மெல்லிய தகரத் தரையில் இரண்டு திருகாணியை முடுக்கிவிட்டு, "கொக்கி போட்டாயிற்று" என்று கணக்கில் எழுதுகிற வேலையும் வேண்டாம். முதல் இழுப்பிலேயே தகரம் கிழிந்து கொக்கி கையோடு வரும். தரைக்குக் கீழே கனத்த இரும்புத் தகடு கொடுத்து, போல்ட் போட்டு, முடிந்தால் குறுக்குச் சட்டத்தோடு சேர்த்து இறுக்கவேண்டும். துளை போட்ட இடத்துக்குத் துருப்பிடிக்காத சாயம் பூசவேண்டும். அடிச்சட்டத்தில் கண்டபடி துளை போடுவதும் பற்றவைப்பதும் அதன் பலத்தைக் கெடுக்கும். பட்டறையில் தெரிந்தவன் செய்யவேண்டும். பட்டை, போல்ட், தகடு மூன்றில் எது பலவீனமோ அதுதான் அந்தக் கட்டின் பலம்.

இதற்கு என்ன செலவு? சில போல்ட்டுகள், சில தகடுகள், பட்டறையில் ஒரு நாள். துரை வீட்டு வாசலுக்குப் பூட்டுச் செய்யும் செலவு. இதற்கா "நிர்வாகம் யோசிக்கவேண்டும்"?

தோழர்களே, இது சிங்கப்பூர்க் கதை, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். கித்தாத் தோட்டமானாலும், கித்தா போய்ச் செம்பனை வந்த தோட்டமானாலும், பின்தட்டு பின்தட்டுத்தான். இப்போது நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில், பால் எடுத்து ஸ்டோருக்கு வந்த பிக்கப்பின் பின்தட்டில் இரண்டு ட்ரம்களும், பால் வெட்டும் பெண்கள் மூவரும் வந்தார்கள். மழை பெய்து ஓய்ந்த வேளை. பால் சிந்தித் தரை வழுக்கியது. இறக்கத்தில் வண்டி பிரேக் அடித்தது. ட்ரம் நகர்ந்தது. ஒரு அக்காவின் கணுக்கால் ட்ரம்முக்கும் பலகைக்கும் நடுவே நசுங்கிவிட்டது. விபத்துப் புத்தகத்தை என் முன்னே வைத்தார்கள். "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று எழுதச் சொன்னார்கள். நான் எழுதினேன். இந்தக் கையால்தான் எழுதினேன்.

மாதம் மூன்று கழித்து அந்த அக்கா நொண்டிக்கொண்டே ஆபீசுக்கு வந்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை. "ஏங்க கிராணி, கட்டாத ட்ரம்முக்குக் கவனக்குறைவுன்னு எழுத மாட்டீங்களா?" என்று கேட்டார். பதில் என்னிடம் இல்லை. அன்றிலிருந்து அந்த அக்கா நிரை முழுவதும் நடந்து வெட்ட முடியாமல் குறைந்த கூலி வேலைக்குப் போனார். நான் எழுதிய இரண்டே வார்த்தை, அவர் சம்பளத்தைக் குறைத்தது. ஆகவே கிராணிமார்களே, நாம் வெறும் எழுதுகோல் என்று தப்பித்துக்கொள்ள வேண்டாம். எந்த வண்டியில் எத்தனை ட்ரம் ஏறியது என்று எழுதுகிற நமக்கு, அது கட்டப்பட்டிருந்ததா என்று எழுத ஒரு வரி கூடவா கிடைக்காது?

எதிர்த்தரப்பு என்ன சொல்லும்? 2023-இல் தொழிலாளர் நலக் குழுக்கள் லோரிப் பயணத்தை நிறுத்தச் சொன்னபோது, இருபதுக்கு மேற்பட்ட வர்த்தக சங்கங்கள் ஒன்றுகூடிச் சொன்ன பதில்தான்: பேருந்து போதாது, ஓட்டுநர் கிடைக்கமாட்டார், செலவு தாங்காது, சிறு தொழில் மூடிப்போகும். சிறு முதலாளிக்கும் கஷ்டம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கஷ்டத்தை யார் தலையில் இறக்கி வைக்கிறீர்கள்? விலைப் பட்டியலில் ஏறவேண்டிய செலவை, தொழிலாளியின் எலும்பில் ஏற்றுவது எந்தக் கணக்கு? ஐஸ்பெட்டி உடைந்தால் நஷ்டம் என்று பட்டை வாங்கத் தெரிந்தவருக்கு, ஆள் உடைந்தால் நஷ்டம் என்று ஏன் தெரியவில்லை? ஐஸ்பெட்டிக்கு விலைச் சீட்டு இருக்கிறது. ஆளுக்கு மாற்று ஆள் இருக்கிறான். உண்மை அதுதான்!

இன்னொரு பக்கத்திலிருந்து நம் தோழர்களே கேட்பார்கள்: "பேருந்து கேட்கவேண்டிய இடத்தில் கொக்கி கேட்கிறாயே, இது என்ன சில்லறைக் கோரிக்கை?" சரியான கேள்வி. கொக்கி போட்டுவிட்டோம், இனி ஆளைச் சாமானோடு ஏற்றலாம் என்று எவரேனும் சொன்னால், அந்தக் கொக்கியை நாமே பிடுங்கி எறிவோம். ஆள் போகவேண்டியது இருக்கையும் பட்டையும் உள்ள வண்டியில். அதுவே முடிவான கோரிக்கை. ஆனால் அந்த வண்டி வரும் வரை, நாளைக் காலைப் பிரட்டுக்குப் பிறகு பின்தட்டில் ஏறப் போகிற அக்காவுக்கு நான் என்ன சொல்வது? "பொறு, பேருந்து வரும், அதுவரை ட்ரம் நகரட்டும்" என்றா?

சட்டம் நமக்குத் துணை இருக்கிறது. 1994-ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. உடனடி ஆபத்து என்று நியாயமாகக் கருதும் இடத்திலிருந்து, முதலாளி அதை நீக்காதபோது விலகிக்கொள்ளத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. நாற்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்கவேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதியும் உட்காரவேண்டும். உங்கள் தோட்டத்துக் குழு கடைசியாக எப்போது கூடியது? கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள்.

ஒவ்வொரு கிளையும் நிர்வாகத்தின் முன் வைக்கவேண்டியவை இவை:

1. ஆட்கள் ஏறும் வண்டியில் ட்ரம், சிலிண்டர், இரும்பு எதுவும் ஏறக்கூடாது. ஆள் வேறு, சரக்கு வேறு.
2. சரக்கு ஏற்றும் ஒவ்வொரு லோரிக்கும் பிக்கப்புக்கும், ஏற்றும் சாமானுக்குப் போதுமான கொக்கியும் தாங்கும் திறன் எழுதிய பட்டையும் வேண்டும். கிழிந்த பட்டையை அன்றே மாற்றவேண்டும்.
3. கட்டாத வண்டியை எடுக்க மறுக்கும் ஓட்டுநர் மீது நடவடிக்கை கூடாது.
4. விபத்துப் புத்தகத்தில் சாமான் கட்டப்பட்டிருந்ததா என்ற பதிவு கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் "கவனக்குறைவு" என்ற சொல்லை எந்தக் கிராணியும் எழுதக் கூடாது.
5. ஆட்களுக்கு இருக்கையும் பட்டையும் உள்ள வண்டி வரும் தேதியை நிர்வாகம் எழுதிக் கொடுக்கவேண்டும்.

நாளைக் காலை பின்தட்டில் ஏறும் முன், தோழர்களே, ஒரு முறை கீழே குனிந்து கொக்கிகளை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கையைக் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். கிராணிமார்கள் எழுதுங்கள். அந்த அக்காவுக்கு நான் இன்னும் சொல்லாத பதில், உங்கள் எண்ணிக்கையில் இருக்கிறது.

— தோட்டத்துக் கிராணி ஒருவன்