மதர்போர்டு ரெய்டுக்குன்னு காசு கொடுக்காதீங்க

"பில்ட்-இன் ரெய்டு" என்று பெட்டியில் போட்டிருந்தால் மயங்காதீங்க. வீட்டு மதர்போர்டுகளில் பெரும்பாலும் அதற்கென்று தனி கன்ட்ரோலர் கிடையாது. டிரைவர் வழியாக உங்க சிபியுதான் வேலை செய்கிறது. போர்டு செத்தால், பல நேரம் அதே வகை போர்டைத் தேடணும். அப்பா அம்மாவின் கல்யாண வீடியோ ரெய்டு 5இல் மாட்டிக்கொண்டபோது நான் மூன்று வாரம் அலைஞ்சேன்.

இப்போ லினக்ஸ் சாஃப்ட்வேர் ரெய்டுதான். டிஸ்க்குகளைக் கழற்றி வேறு லினக்ஸ் மெஷினில் மாட்டினாலும் படிக்கும்.

மிச்சமாகிற காசில் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி, தனியாக ஒரு காப்பி வைங்க. ரெய்டு 1இல் தவறி ஒரு ஃபைலை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் சேர்ந்தே போயிடும். ரெய்டு பேக்கப் ஆகாது.