நடந்தால் மட்டும் போதுமா?

போன ஐப்பசியில் ஒரு காலை. ராத்திரி நல்ல மழை. பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, குழாய்க்குத் தோண்டி மேலாக மண்ணைத் தள்ளி மூடியிருந்த இடத்தில் வலது கால் இடறியது. விழப்போகிறோம் என்று மூளைக்கு நன்றாகவே தெரிந்தது. இடது காலைச் சட்டென்று முன்னால் ஊன்றினால் தப்பித்துவிடலாம் என்பதும் தெரிந்தது. ஆனால் கால் வர நேரமாகிவிட்டது. முழங்கையில் சிராய்ப்பு, இரண்டு பால் பாக்கெட்டும் காலி. எலும்பு தப்பித்தது, அவ்வளவுதான்.

"தினமும் அஞ்சு கிலோமீட்டர் நடக்கிற ஆளு, நீங்களே விழுந்துட்டீங்களே" என்றாள் வீட்டுக்காரி. மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டே சொன்னாள். முழங்கையைவிட அந்தக் கேள்விதான் அதிகம் வலித்தது. பதினொரு வருஷ நடை. மழைக்கும் நிறுத்தியதில்லை, பேரன் கல்யாணத்துக்கும் நிறுத்தியதில்லை. அப்புறம் ஏன் கால் வரவில்லை?

கொஞ்சம் படித்துப் பார்த்தேன். நம் தசைகளில் பொதுவாக இரண்டு வகை நார்கள் உண்டு. மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் உழைப்பவை ஒரு வகை. சட்டென்று சுருங்கி, பலமாக இழுத்து, சீக்கிரம் களைத்துப்போகிறவை இன்னொரு வகை. நடக்கும்போது பெரும்பாலும் முதல் வகைதான் வேலை செய்கிறது. இரண்டாவது வகையை உடம்பு சும்மா கூப்பிடாது. பாரம் தூக்க வேண்டும், அல்லது வேகமாக ஓட வேண்டும், அப்போதுதான் கூப்பிடும். வயது ஏற ஏற முதலில் மெலிவதும் இந்த வேகத் தசைதான். இடறும்போது காலை முன்னால் கொண்டுவந்து போடுவதும் இதுவேதான். பதினொரு வருஷமாக நான் அதைக் கூப்பிடவே இல்லை. அவசரத்துக்குக் கூப்பிட்டபோது அது எப்படி வரும்?

ஐரோப்பிய மூத்தோர் தடகளப் போட்டியில் 100 மீட்டர் இறுதிச்சுற்றில் ஓடியவர்களைப் பின்லாந்து ஆய்வாளர்கள் படம்பிடித்து அளந்தார்கள். அந்த ஆய்வு 2003-ல் வெளிவந்தது. நாற்பதில் இருந்தவர்களும் ஓடினார்கள், எண்பதைத் தாண்டியவர்களும் ஓடினார்கள். வயதானவர் மெதுவாக ஓடக் காரணம், கால் மாற்றும் வேகம் குறைவது என்றுதான் நாம் நினைப்போம். அப்படியில்லை. மிகவும் வயதானவர்களைத் தவிர மற்றவர்களுக்கு ஒரு வினாடியில் எத்தனை எட்டு என்பது பெரிதாக மாறவில்லை. எட்டின் நீளம்தான் சுருங்கியது, பாதம் தரையில் தங்கும் நேரம் கூடியது. தரையை உதைத்துத் தள்ளும் பலம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் பலத்தைத் திரும்பச் சேர்க்க ஓடினால் மட்டும் போதாது, பாரமும் தூக்க வேண்டும்.

'இந்த வயசுல பாரமா?' என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். 1990-ல் அமெரிக்காவின் பாஸ்டனில், முதியோர் இல்லத்தில் இருந்த பத்துப் பேருக்கு எட்டு வாரம் தொடைத் தசைக்கான பாரப் பயிற்சி கொடுத்தார்கள். எல்லாருக்கும் வயது தொண்ணூறை ஒட்டி. அதுவும் பேருக்குக் கொடுத்த சின்னப் பாரம் இல்லை, அவரவரால் தூக்க முடிந்ததில் பெரும்பங்கு. கடைசிவரை செய்தவர்களின் தொடைப் பலம் சராசரியாக இரண்டரை மடங்குக்கு மேல் ஆனது. தொண்ணூறில் அது முடியுமென்றால், அறுபத்தெட்டில் நான் சாக்குச் சொல்ல முடியுமா?

நம் ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. தென் மாவட்டக் கிராமங்களில் இளவட்டக்கல் கிடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உருண்டையான, வழுக்குகிற கல், பிடிப்பே இருக்காது. குத்துக்காலிட்டு அணைத்து, முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சுக்குக் கொண்டுவந்து, தோளில் வைத்துப் பின்னால் போட வேண்டும். இன்றைக்கு ஜிம்முக்குப் போகிற பிள்ளைகள் காசு கொடுத்துக் கற்றுக்கொள்வதும் இந்த அசைவைத்தான். நம் அம்மாமார்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தெருக் குழாயில் குடத்தை நிரப்பி ஒரே மூச்சில் இடுப்பில் ஏற்றினார்கள், உட்கார்ந்து ஆட்டுக்கல்லில் மாவாட்டி, கையூன்றாமல் எழுந்தார்கள். யாரும் அதை உடற்பயிற்சி என்று சொல்லவில்லை. கிரைண்டர் வந்ததில் எனக்குக் குறை ஒன்றுமில்லை, அதைத் துடைத்து வைப்பதே என் வேலைதான். ஆனால் அந்தப் பாரத்துக்குப் பதிலாக வேறெதையும் நாம் தூக்கவில்லை.

மதுரையில் ஓட்டம் என்றால் சக்கிமங்கலம் ரேவதி வீரமணி நினைவுக்கு வராமல் இருக்காது. சிறு வயதிலேயே அப்பா அம்மாவை இழந்து, பாட்டி ஆரம்மாள் கூலி வேலை செய்து வளர்த்த பெண். வெறுங்காலில் ஓடியவரைப் பயிற்சியாளர் கண்ணன் கண்டுபிடித்து, தயங்கிய பாட்டியிடம் பேசி, ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குக் கொண்டுவந்தார். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 கலப்புத் தொடரோட்டத்தில் ஓடினார். அதே அணியில் ஓடிய லால்குடி ஆரோக்கிய ராஜீவுக்கு அப்போது முப்பது வயது. ஓட்டத்தில் முப்பது என்றாலே 'சீனியர்' என்று ஒதுக்கிவிடும் நாடு இது.

ஆனால் மூத்தோர் தடகளம் 35-ல்தான் ஆரம்பிக்கிறது. ஐந்து வயதுக்கு ஒரு பிரிவு, மேலே எல்லையே கிடையாது. வயதுக்குத் தக்கபடி குண்டின் எடையும் குறையும். ஐம்பதில் 6 கிலோ, அறுபதில் 5, எழுபதில் 4. பஞ்சாப்காரர் மான் கௌர் 93 வயதில் ஓடத் தொடங்கினார். 2017-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில், 101 வயதில், 100 மீட்டரை 74 வினாடியில் முடித்தார். ஹரியானாவைச் சேர்ந்த பகவானி தேவி 2022-ல் பின்லாந்தில் நடந்த உலக மூத்தோர் போட்டியில், 94 வயதில், 24.74 வினாடியில் தங்கம் வாங்கினார். பத்திரிகைகள் இவர்களை அதிசயம் என்று எழுதின. எனக்கென்னவோ, இவர்கள் தசையைக் கூப்பிட்டார்கள், அது வந்தது, அவ்வளவுதான் என்று படுகிறது.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே எழுந்து ஓடிவிடாதீர்கள். தொடையின் பின்தசை கிழிந்தால் இரண்டு மாதம் கட்டில்தான், குதிகால் நரம்பு பிடித்துக்கொண்டால் அதற்கும் மேல். முதலில் டாக்டர். பி.பி., சர்க்கரை, இதயம் மூன்றையும் பார்த்துவிட்டு அவர் சரி என்றால்தான் மற்றது. மூட்டு மாற்றியவர்கள் அவரிடம் தனியாகவே கேட்க வேண்டும். நான் முதல் நாலு மாதம் ஓடவே இல்லை. கையூன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, மாடிப்படி விளிம்பில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குவது, படியில் ஒற்றைக் காலால் ஏறுவது. பழகியபின் இரண்டு கையிலும் அரிசிப் பை. ஐந்து கிலோவில் தொடங்கினேன். பத்து முறை சுலபமாக வந்துவிட்டால் பாரத்தைக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் வெறும் நடையைப்போல ஆகிவிடும்.

பிறகுதான் ஓட்டம். முதலில் லேசான ஏற்றத்தில். ஏற்றத்தில் காலை அளவுக்கு மீறி எட்டிப் போட முடியாது, அதனால் தொடை பிழைக்கும். இருபது நிமிடம் உடம்பைச் சூடாக்கிவிட்டு, 30 மீட்டர், நாலு தடவை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூன்று நிமிட ஓய்வு. இந்த ஓய்வு சோம்பேறித்தனம் இல்லை. மூச்சு வாங்க ஓடுவது வேறு, வேகமாக ஓடுவது வேறு. களைத்த காலால் வேகம் பழக முடியாது. வாரத்தில் இரண்டே நாள், நடுவில் குறைந்தது இரண்டு நாள் இடைவெளி. மற்ற நாளில் வழக்கமான நடை. பங்குனி சித்திரையில் நம் ஊர் வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை, ஆறரைக்குள் முடித்துவிட வேண்டும். சாப்பாட்டிலும் ஒரு மாற்றம் செய்தேன். இட்லியோடு நிறுத்தாமல் ஒரு முட்டை, சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டல். பாரம் தூக்கிவிட்டுக் கஞ்சி மட்டும் குடித்தால் தசை எதைக்கொண்டு வளரும்?

உறவுக்காரர் ஒருவர் போன் செய்து, "அண்ணே, மரியாதையா நடந்துக்கிட்டு இருந்தீங்க, எதுக்கு இந்த விஷப்பரீட்சை?" என்றார். விழுந்து இடுப்பெலும்பு முறிந்து மூன்று மாதம் படுத்துக் கிடந்தாரே அவருடைய மாமனார், அதைத்தான் நான் விஷப்பரீட்சை என்பேன். அவரும் நடையில் குறை வைத்தவரில்லை.

இன்னொன்று. எங்கள் நடைக் கூட்டத்துக்கு இது பிடிக்காது, ஆனாலும் சொல்கிறேன். ஓடுதளத்தின் உள்வரிசையில் நாலு பேர் கைகோத்தாற்போல அரசியல் பேசிக்கொண்டு போகிறோம். பின்னால் 400 மீட்டர் பயிற்சியில் வரும் பிள்ளைகள் "டிராக், டிராக்" என்று கத்திக்கொண்டு விலகி ஓடுகிறார்கள். நானும் வருஷக்கணக்கில் அதைச் செய்தவன். ஓட ஆரம்பித்த பிறகுதான், முழு வேகத்தில் திடீரென்று விலகுவது தொடைக்கு என்ன பாடு என்று தெரிந்தது. நடப்பவர்கள் வெளிவரிசைக்கு வந்துவிடலாம். வட்டம் கொஞ்சம் பெரிது, நமக்கு நடைதானே வேண்டும்.

இப்போது எட்டாவது மாதம். போன வாரம் 60 மீட்டரை ஓடினேன், அங்கே ஓடும் ஒரு கல்லூரிப் பையன் செல்போனில் நேரம் பிடித்தான். 13.8 வினாடி. "சார், கையை இறுக்காதீங்க, தோளை விடுங்க" என்றான். செவ்வாய்க்கிழமை தோளை விட்டு ஓடிப் பார்க்க வேண்டும்.