மாமனார் சொல்லைத் தட்டாத கொள்ளைக்காரி

அலிப்பூரில் சித்திரை மாத மாலைகளை நம்பக் கூடாது. நான்கு மணி வரை உடம்பை உருக்கும் வெயில். நாலரைக்கு வடமேற்கில் கருப்பு கட்டும். ஐந்துக்குள் மரக்கிளைகள் தெருவில் கிடக்கும். வங்காளிகள் இதைக் கால்பைசாகி என்பார்கள். அப்படி ஒரு காற்றில் தேசிய நூலகத்துக்குள் மாட்டிக்கொண்டேன். போனது வையாபுரிப் பிள்ளையின் புத்தகங்களைத் தேடி. அவர் ஆயுள் முழுக்கச் சேர்த்த தமிழ் நூல்கள் இங்கேதான் இருக்கின்றன. ஆனால் ஜன்னல்கள் படபடவென்று அடிக்கும்போது நிகண்டு படிக்க யாருக்கு மனம் வரும்? புயலையே ஆயுதமாக்கிச் சண்டை போட்ட ஒருத்தி நினைவுக்கு வந்தாள். பங்கிம் சந்திரரின் 'தேவி சௌதுராணி'யைக் கேட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

1884-ல் புத்தகமாக வந்த நாவல். கடற்கொள்ளைக் கதைக்குக் கடல் வேண்டாமா என்று கேட்பவர்கள் வங்காளத்து ஆறுகளைப் பார்த்ததில்லை. எதிர்க்கரை தெரியாது. கடலிலிருந்து ஆறு வழியாக உள்ளே ஏறி வந்த போர்ச்சுகீசியக் கொள்ளையரை இங்கே 'ஹர்மாத்' என்றார்கள். அர்மாடா என்ற சொல்லின் சிதைவு அது. எதிர்க்கட்சியின் அடியாட்களைத் திட்ட, சமீப காலம் வரை அரசியல் மேடைகளில் அது பயன்பட்டது!

கதாநாயகி பிரபுல்லா பரம ஏழை. கல்யாணத்தின்போது கிளம்பிய ஊர் வம்பை நம்பி, மாமனார் ஹரவல்லபர் அவளை வீட்டில் சேர்க்க மறுக்கிறார். சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று அவள் கேட்டனுப்பினால், திருடிப் பிழைக்கட்டும், கொள்ளையடித்துப் பிழைக்கட்டும் என்று பதில் வருகிறது. மாமனார் வாக்கைத் தட்டாத மருமகள். அப்படியே ஆகிறாள்.

அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் சுத்தமான மாயக்கதை. காட்டுக்குள் இடிந்த மாளிகை, சாகக் கிடக்கும் கிழவர், பூமிக்கடியில் குடம் குடமாகத் தங்கக் காசு. பவானி பாடக் என்ற கொள்ளைத் தலைவர் அவளைக் கண்டெடுத்து ஐந்து வருடம் பயிற்சி கொடுக்கிறார். இலக்கணம், ரகுவம்சம், கீதை, கூடவே மல்யுத்தம். உணவு, உடை, தூக்கம் எல்லாவற்றிலும் கட்டுப்பாடு. ஒன்றில் மட்டும் பிரபுல்லா வளைந்து கொடுப்பதில்லை. ஏகாதசியன்று மீன் சாப்பிட்டே தீருவாள். சந்தையிலிருந்து வராவிட்டால் குட்டையில் இறங்கித் தானே பிடித்துக்கொள்வாள். நமக்கு இது விசித்திரமாகப் படும். வங்காளத்தில் ஏகாதசி விரதம் விதவைக்கு உரியது, மீன் சுமங்கலிக்கு உரியது. துரத்தப்பட்டாலும் நான் ஒருவனின் மனைவிதான் என்று அவள் மீனைத் தின்று அறிவிக்கிறாள். கடைசி அத்தியாயத்தில் வரப்போகும் வில்லங்கத்துக்குப் பங்கிம் இங்கேயே விதை போட்டுவிட்டார். முதல் முறை படித்தபோது எனக்கு அது தெரியவில்லை.

பிறகு அவள் தேவி ராணி. திரிஸ்ரோதா ஆற்றில், அதாவது நம் தீஸ்தாவில், நிலா வெளிச்சத்தில் பெரிய பஜ்ரா நிற்கிறது. அறைகள் வைத்துக் கட்டிய படகு வீடு. மேல்தளத்தில் அவள் வீணை வாசிக்கிறாள், சுற்றிலும் ஆயுதம் ஏந்திய ஆட்கள். அந்தப் படகுக்குக் கணவன் பிரஜேஸ்வரனையே பிடித்து வரச் செய்கிறாள். அவனுடைய இன்னொரு மனைவி சாகர் ஒரு கோபத்தில், இவனை என் காலைப் பிடிக்க வைக்காமல் விடமாட்டேன் என்று சபதம் போட்டவள். படகிலேயே முகத்தை மூடிக்கொண்டு அதை நிறைவேற்றிக்கொள்கிறாள். நூலகத்தில் வாய்விட்டுச் சிரித்து, எதிரே இருந்த பெரியவரிடம் ஒரு முறைப்பு வாங்கினேன்.

உச்சக்கட்டம் அந்தப் புயல். கடனாக வாங்கிய ஐம்பதாயிரம் ரூபாயைத் திருப்பித் தராமல் தப்பிக்க, மாமனாரே வெள்ளைக்காரச் சிப்பாய்களை அழைத்து வருகிறார். தேவி தப்பி ஓடவில்லை. சரணடைவதாக வெள்ளைக் கொடி காட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி இருக்கிறாள். லெப்டினென்ட் படகுக்குள் வந்துவிட்ட நேரம் பார்த்துக் காற்று அடிக்கிறது. பாய்கள் புடைக்க, பஜ்ரா சுழன்று பறக்கிறது. சிப்பாய்கள் பின்தங்கிவிட, லெப்டினென்டும் மாமனாரும் உள்ளே கைதிகள். வெளியே நிஜக் கால்பைசாகி அடித்துக்கொண்டிருக்க அதைப் படிக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

இந்தக் கொள்ளைக்காரியை இவ்வளவு ஆசையோடு எழுதியவர் யார்? டெபுடி மாஜிஸ்திரேட். 1860-களின் தொடக்கத்தில் குல்னாவில் அதிகாரியாக இருந்தபோது ஆற்றுக் கொள்ளையரை ஒடுக்கிப் பெயர் வாங்கியவர். பணிக்காலத்தின் கடைசி வருடங்களை இதே அலிப்பூரில் கழித்து, 1891-ல் ஓய்வு பெற்றார். பகலில் தண்டனை எழுதிய கை இரவில் படகு கொடுத்திருக்கிறது.

அவளும் முழுக் கற்பனை அல்ல. 1787-ல் ரங்பூர் பகுதியில் பவானி பாடக்கைத் துரத்திய லெப்டினென்ட் பிரென்னனின் அறிக்கையில் தேவி சௌதுராணி என்ற பெண் கொள்ளைக்காரி எட்டிப் பார்க்கிறாள். படகிலேயே வசித்தாள், கூலிக்குப் பெரிய படை வைத்திருந்தாள், பாடக்கிடம் பங்கு வாங்கியது போகத் தனியாகவும் கொள்ளையடித்தாள். அவ்வளவுதான். புருஷன் இல்லை, மாமனார் இல்லை, கீதை இல்லை. நாவலின் தேவி தன் கையால் யாரையும் கொள்ளையடிப்பதில்லை, ஏழைகளுக்கு அள்ளிக் கொடுக்கிறாள். மாஜிஸ்திரேட் அவளைக் குளிப்பாட்டித்தான் நம் முன்னால் நிறுத்துகிறார். எனக்கென்னவோ நாவலைவிட அந்த அறிக்கைக்காரிதான் துணிச்சல்காரியாகத் தெரிகிறாள்.

தமிழில் இப்படி ஒருத்தி உண்டா? 'கடல் புறா'வில் சாண்டில்யன் சீனக் கொள்ளைக்காரன் அகூதாவையே நம் கருணாகரத் தொண்டைமானுக்கு வாத்தியாராக்கினார். ஆனால் கப்பல் ஆண்களுடையது. கல்கியின் பூங்குழலி தனியாக இலங்கைக்குத் துடுப்புப் போட்டாள். அவளுக்கும் படை கிடையாது. ஒரு கூட்டத்துக்குக் கட்டளையிடும் பெண்ணை வங்காளிகள் அதற்கும் எழுபது வருடம் முன்பே அனுபவித்துவிட்டார்கள். 1974-ல் தினேன் குப்தாவின் படத்தில் சுசித்ரா சென் தேவியாக வந்தார். அதற்கு முன்பே அவரை வைத்து எடுக்கத் திட்டமிட்டுக் கைவிட்டவர் சத்யஜித் ராய். நமக்கு அது நஷ்டம்தான்.

முடிவைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ராணி படகை விட்டு இறங்கிப் புது மணப்பெண் போல முக்காடிட்டுப் புகுந்த வீட்டுக்குப் போகிறாள். இரண்டு சக்களத்திகள் இருக்கும் வீடு. படித்துறையில் பாத்திரம் தேய்க்கிறாள். அரசாள்வது பெண்ணின் தர்மம் அல்ல, இல்லறம்தான் கடினமான யோகம் என்று சாகருக்கு விளக்கமும் சொல்கிறாள். 1884-ல் மல்யுத்தம் கற்ற பெண்ணை எழுதியதே பெரிது, அதற்கு மேல் கேட்காதே என்று பங்கிமுக்காக வாதாடுபவர்கள் உண்டு. நானும் வாதாடியிருக்கிறேன், என் அத்தையிடம்.

கும்பகோணம் வீட்டில் இதன் தமிழ்ப் பிரதி ஒன்று இருந்தது. அத்தையும் கல்யாணமான இரண்டாம் வருடம் திருப்பி அனுப்பப்பட்டவள். உறவுக்காரர்கள் அவளைக் குறிப்பிட்ட சொல்லை இங்கே எழுத விருப்பமில்லை. அந்தப் புத்தகத்தில் புயல் வரைக்கும் எண்ணெய்க் கறை, மஞ்சள் விரல் தடம், மடித்த மூலைகள். அதற்கப்புறம் வந்த பக்கங்கள் கடையில் வாங்கினபடி வெள்ளையாக இருந்தன. ஏன் அத்தை, முடிவைப் படிக்கவே இல்லையா என்று ஒரு நாள் கேட்டேன்.

அடுப்படியிலிருந்து தலையை நீட்டாமலே சொன்னாள்: "பாத்திரம் தேய்க்கிறதை வேற புஸ்தகத்துல படிக்கணுமாடீ?"