கையளவு கார்

நம் மன்றத்து நண்பர்கள் சிலர், மாதிரிக் கார் செய்வதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று கருதுகிறார்கள். ஆண்டுவிழாக் கண்காட்சியைப் பற்றிப் பேச்சு வந்தபோது, கோலத்திற்கு ஒரு மேசை, புகைப்படத்திற்கு ஒரு மேசை என்று ஒதுக்கியவர்கள், சிற்றுருக் கார்களுக்கும் ஒன்று வேண்டும் என்றதும் சிரித்துவிட்டார்கள். "எம்.எஸ்ஸி. படிப்பவர் பொம்மை செய்வதா?" என்றார் ஒருவர். "மேசை தருகிறோம், கடையில் நாலு கார் வாங்கி அடுக்கிவிடுங்கள், பார்க்க அழகாயிருக்கும்" என்றார் மற்றொருவர். முன்னவரோடு எனக்குப் பெரிய வழக்கு ஒன்றும் இல்லை. பின்னவரின் பரிவுதான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது.

விளையாட்டு என்றால் விளையாட்டுத்தான். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் குதிரை பூட்டாத முக்காற் சிறுதேரை உருட்டி விளையாடியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் பத்தாம் பருவத்திற்குப் பெயரே சிறுதேர்ப் பருவம். அவ்வளவு தொலைவு போவானேன்? நம்மில் எத்தனை பேர் நுங்கு வண்டி ஓட்டாமல் வளர்ந்தோம்? நுங்கை உறிஞ்சியபின் எறியும் காய்கள் இரண்டைக் குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளிக்கொண்டு தெருத் தெருவாக ஓடினோம். அந்த வண்டியைக் கடையில் வாங்கியவர் எவரும் இல்லை. என் வழக்கு அதுதான். வாங்கி அடுக்குவது வேறு, செய்வது வேறு.

கடைகளில் இன்று இருவகைச் சிற்றுருக் கார்கள் கிடைக்கின்றன. உலோகத்தில் வார்த்து வண்ணம் தீட்டி முடித்து வருவது ஒன்று. பிளாஸ்டிக் உறுப்புகள் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வர, நாமே கத்தரித்து, அரத்தால் தேய்த்து, ஒட்டி, வண்ணம் தீட்ட வேண்டியது மற்றொன்று. அதைக் 'கிட்' என்பார்கள். அமெரிக்காவில் 1958-ல் ஏ.எம்.டி. நிறுவனம் அவ்வாண்டுக் கார்களையே 1/25 அளவில் கிட்டாக வெளியிடத் தொடங்கியபின் இந்தப் பொழுதுபோக்கு இளைஞரிடையே காட்டுத்தீயாய்ப் பரவிற்று. இன்று ஜப்பானின் டமியா 1/24 அளவில் செய்பவை நேர்த்தியின் உச்சம். உறுப்போடு உறுப்பு மயிரிழை பிசகாமல் பொருந்தும். ஆனால் அவர்கள் பட்டியலிலும் மற்றப் பெரிய நிறுவனங்களின் பட்டியலிலும் நம் அம்பாசடரைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. பிரீமியர் பத்மினி கிடைக்காது. சென்னையில் உருவாகிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கிடைக்காது. உலகத்தார் தத்தம் தெருவில் ஓடிய வண்டிகளுக்குச் சிற்றுரு செய்து வைத்திருக்கிறார்கள். நம் தெருவில் ஓடியதை நாம்தானே செய்ய வேண்டும்?

நாம் படிப்பது கொல்கத்தாவில். அம்பாசடர் பிறந்த உத்தரபாரா இங்கிருந்து புறநகர் ரயிலில் போகும் தூரம். ஆங்கிலேயரின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரைத் தழுவி 1950-களின் இறுதியில் வந்த வண்டி, 2014 மே மாதம் வரை ஏறக்குறைய அதே உருவத்தில் அங்கே செய்யப்பட்டது. பிறகு ஆலை நின்றது. 2017-ல் அம்பாசடர் என்னும் பெயரைப் பிரெஞ்சு நாட்டுப் பெஜோ நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. பெயருக்கு 80 கோடி. வண்டிகளோ எடைக்குப் போகின்றன! நம் தெருக்களில் ஓடும் மஞ்சள் டாக்சிகளும், 15 ஆண்டு கடந்த வாடகைக் கார்களை ஒதுக்கும் விதியால் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன. கடைசி வண்டி பிறந்தது 2014-ல் என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

அறிவியல் மாணவருக்கு இந்த வேலையில் என்ன இருக்கிறது என்று கேட்பவருக்கு ஒரு சிறு கணக்கு. அம்பாசடரின் நீளம் ஏறத்தாழ 4.3 மீட்டர். 1/24 அளவில் அது 18 செ.மீ. பரப்பு 576-ல் ஒரு பங்கு ஆகும்; பருமன் 13,824-ல் ஒரு பங்கு. உண்மை வண்டி சுமார் 1100 கிலோ. ஆக, அதே பொருள்களால் அதே அமைப்பில் செய்தால் நம் கையில் இருக்க வேண்டியது 80 கிராம். 1638-ல் கலிலியோ எழுதிவைத்த விதிதான் இது. பள்ளியில் மனப்பாடம் செய்தோம், மதிப்பெண்ணும் வாங்கினோம். ஆனால் உள்ளங்கையில் 80 கிராம் காரை ஏந்திப் பார்க்கும்போதுதான், எறும்பு தன்னைவிடப் பெரிய சுமையைத் தூக்குவது ஏன் என்பது நெஞ்சில் உறைக்கிறது.

வண்ணம் தீட்டுவதில் இந்தக் கணக்கு இன்னும் சுவையானது. உண்மைக் காரின் மேல் பூச்சு எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 0.1 மி.மீ. கனம். அதே கனத்தை நம் சிற்றுருவின்மேல் தூரிகையால் அப்பினால், 24 மடங்கு பெருக்கிப் பாருங்கள், சுமார் 2.4 மி.மீ. சுவருக்குக் காரை பூசியதுபோல் ஆகிவிடும்! கதவு விளிம்பு, கிரில்லின் கோடுகள், பானெட்டின் மடிப்பு எல்லாம் அந்தச் சேற்றில் புதைந்துபோகும். அதனால்தான் தின்னர் கலந்து நீர்க்க நீர்க்கப் பூச வேண்டும். ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின் நீரில் நனைத்த மெல்லிய உப்புத்தாளால் தடவிவிட்டு அடுத்ததைப் பூச வேண்டும். வெள்ளி மினுக்கு வண்ணத்திலோ தொல்லை வேறு. அதில் மின்னும் உலோகத் துகள் 0.03 மி.மீ. இருந்தால், சிற்றுருவின் அளவில் அது முக்கால் மில்லிமீட்டர். காரின்மேல் ரவையை இறைத்தாற்போல் தெரியும். பளபளப்பையும் ஓரளவு குறைத்தே வைக்க வேண்டும். இவற்றை எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லவில்லை.

வேதியியல் நண்பர்களுக்கும் இதில் பங்குண்டு. பிளாஸ்டிக் கிட்டை ஒட்டும் திரவம் உண்மையில் பசையே அன்று. பாலிஸ்டைரீனைச் சிறிது கரைத்து இருபக்கத்து மூலக்கூறுச் சங்கிலிகளையும் பின்னிவிட்டு, தான் ஆவியாகிப் போய்விடும். பற்றவைப்பு என்றே சொல்லலாம். லாக்கரின்மேல் எனாமல் பூசலாம். எனாமலின்மேல் லாக்கர் பூசினால் அதன் கடுமையான கரைப்பான் கீழ்ப்பூச்சைச் சுருக்கிக் கிழவன் தோலாக்கிவிடும். (இதற்காக ஆய்வகத்துக் கரைப்பானை யாரும் விடுதிக்குக் கொண்டுவர வேண்டா. நகப்பூச்சு விற்கும் கடைகளும் பெயிண்டுக் கடைகளும் இந்த ஊரில் நிறைய உண்டு. சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.)

நுண்விவரங்களைப் பற்றி எனக்கென்று ஒரு கருத்து உண்டு. அதில் பலரோடு மாறுபடுகிறேன். மாதிரி செய்வோரில் பெரும்பாலோர் காரை ஆலையிலிருந்து அப்போதுதான் இறங்கிய மணமகள்போல் செய்கிறார்கள். குரோமியம் கண்ணைப் பறிக்கும். டயரில் தூசு இருக்காது. வேறு சிலர் எதிர்ப்புறம் ஓடி, பழைய வண்டி என்றால் துரு என்று எண்ணி, மேலும் கீழும் பழுப்பு வண்ணத்தை வாரி இறைக்கிறார்கள். இரண்டும் காரைப் பார்க்காதவர் செய்யும் வேலை. துருவுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. நீர் எங்கே தங்குமோ அங்கேதான் அது பிடிக்கும். வண்ணம் வெளுப்பதற்கும் ஒழுங்கு உண்டு. வெயில் நேரே விழும் கூரையும் பானெட்டும் முதலில் மங்கும். கதவுகள் நெடுநாள் நிறம் காக்கும்.

என் தந்தையார் கோவில்பட்டியில் வாடகைக் கார் ஓட்டுபவர். நான் ஆறாம் வகுப்புப் படிக்கும் வரை எங்கள் வண்டி வெள்ளை அம்பாசடர். முன்பக்கம் ஒரே நீண்ட இருக்கை. கியர்க் கம்பி ஸ்டியரிங்கின் பக்கத்திலேயே இருக்கும். பிறகு அதுவும் எடைக்குத்தான் போயிற்று. சென்ற மாதம் தொலைபேசியில், "துரு முதல்ல எங்கப்பா பிடிக்கும்?" என்று கேட்டேன். சிறிதும் யோசிக்காமல் சொன்னார்: "கதவுக்கு அடியிலதான்யா. தண்ணி வடியுற ஓட்டைய மண்ணு அடைச்சுக்கும். குச்சிய விட்டுக் குத்திக்கிட்டே இருக்கணும். அடுத்தாப்புல மட்கார்டுக்கு உள்பக்கம்." பிறகு கால் மணி நேரம் அந்த வண்டியைப் பற்றியே பேசினார். என் ஆய்வைப் பற்றி அவரிடம் நான் ஒருநாளும் கால் மணி நேரம் பேசியதில்லை, பேசவும் தெரியவில்லை.

பட்டம் பெற்றவர் கையில் அரம் பிடிப்பதா என்று கேட்கும் மனப்பான்மை நம்மிடம் ஊறிப்போன நோய். அறிவு தலையில், உழைப்பு கையில் என்று பிரித்துவைத்த சமுதாயத்தில் பிறந்தவர்கள் நாம். ஆய்வுக்கூடத்தில் அதன் பயனை நாள்தோறும் பார்க்கிறோம். ஒரு திருகாணி கழன்றால் உதவியாளர் வரும்வரை கைகட்டி நிற்கும் முதுகலை மாணவர்கள் எத்தனை பேர்! இதே நகரத்துப் பௌபஜார் தெருவில், நம்மைப்போல் தெற்கிலிருந்து வந்த சி.வி. இராமன், பெரும் பொருட்செலவில்லாத கருவிகளைக் கொண்டு 1928-ல் தம் விளைவைக் கண்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் பந்தும் குச்சியுமாக மூலக்கூறு மாதிரிகளைக் கட்டிப் பார்த்துத்தான் 1954-ல் கொலாஜனின் முப்புரி அமைப்பை வெளியிட்டார்கள். அவர்களைப் பார்த்துப் பொம்மை செய்கிறார்கள் என்று யாரும் சிரிக்கவில்லை. அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1930 முதல் 1968 வரை இளைஞருக்குச் சிற்றுரு செய்யும் போட்டி நடத்தி, வென்றவர்களுக்குக் கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை தந்தது. இலாபம் பார்க்கும் நிறுவனம் அது. விளையாட்டுக்காக அள்ளிக் கொடுத்திருக்குமா?

ஆனால் ஓர் எதிர்ப்பை நான் எளிதாகத் தள்ள மாட்டேன். "இது காசுள்ளவன் பொழுதுபோக்கு" என்பது அது. வெளிநாட்டுக் கிட் ஒன்று சில ஆயிரம் ரூபாய். வண்ணம் தெளிக்கும் கருவி, காற்றழுத்தப் பொறி, அவற்றுக்குரிய புட்டிகள் எல்லாம் சேர்ந்தால் விடுதி மாணவரின் பல மாத உணவுக் கட்டணம். கிட்டே கதி என்றிருந்தால் இந்த எதிர்ப்பு முழுக்க உண்மை. ஆனால் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பேருந்துப் பித்துப் பிடித்த இளைஞர்கள் ஃபோம் ஷீட்டை வெட்டி, அரசுப் பேருந்துகளை ஏணி, பெயர்ப்பலகை, சன்னல் கம்பியுடன் அப்படியே செய்கிறார்களே, அவர்களில் எத்தனை பேர் செல்வர் வீட்டுப் பிள்ளைகள்? அவர்கள் வழியே நம் வழி. அட்டை, ஃபோம் ஷீட், பழைய தகர டப்பா, கார்ப் பட்டறையில் டிங்கர்கள் பயன்படுத்தும் பட்டி, இவை போதும். அம்பாசடரின் உடலில் நேர்க்கோடு அரிது. எல்லாம் உருண்டு திரண்ட வளைவுகள். ஆகவே அட்டையில் எலும்புக்கூடு கட்டி, மேலே பட்டி பூசி, உப்புத்தாளால் இழைத்து உருவம் எடுக்க வேண்டும். பம்பருக்குச் சமையலறை அலுமினியத் தாள். வானொலிக் கம்பிக்கு, பிளாஸ்டிக் குச்சியை விளக்குச் சூட்டில் காட்டி இழுத்தால் மயிரினும் மெல்லிய இழை வரும். பொறுமைக்கு மட்டும் கடை இல்லை.

முப்பரிமாண அச்சுப்பொறி இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்கிறார் கணினித் துறை நண்பர். சக்கரத்தையும் கிரில்லையும் அச்சிட்டுக் கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. ஒரே அளவில் நான்கு சக்கரம் கையால் செய்வது தவமே. ஆனால் அச்சுப்பொறிக்கும் யாரோ ஒருவர் அளவெடுத்து வரைந்து கொடுத்தாக வேண்டும். அச்சிட்டபின் படிப்படியாய்த் தெரியும் வரிகளை உப்புத்தாளால் தேய்த்தாக வேண்டும். அவரும் வரட்டும், தாளை நான் தருகிறேன்.

ஆகவே மன்றத்துச் செயற்குழுவிடம் நான் கேட்பது நாலு கார் வாங்கும் பணத்தை அன்று. ஆண்டுவிழா வரை சனிக்கிழமை மாலைகளில் மன்ற அறையின் நீள மேசையையும், அட்டைக்கும் பட்டிக்கும் ஒரு சிறு தொகையையும் தாருங்கள். ஒரு மஞ்சள் டாக்சி, ஒரு கோவில்பட்டி வாடகை வண்டி, இரண்டையும் 1/24 அளவில் கண்காட்சியில் வைப்போம். முகப்பில் சந்தனப் பொட்டும், கட்டித் தொங்கும் எலுமிச்சையும் மிளகாயும், இருக்கையின்மேல் துண்டும் உட்பட.

முதல் வேலை அளவெடுப்பது. டாக்சி நிறுத்தத்தில் இருப்பவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். அவர்களில் பலர் பீகாரிலிருந்து வந்தவர்கள், நம்மைப்போல் ஊர்விட்டு ஊர் வந்து பிழைப்பவர்கள். தையற்காரர் டேப்பு, நூல் குண்டு, பெரிய காகிதத் தாள்கள் வேண்டும். வளைவுகளை எடுக்க, மின்வேலைக்காரர் பற்றவைக்கும் ஈயக் கம்பி நல்லது. மட்கார்டின்மேல் வைத்து மெல்ல அழுத்தினால் அந்த வளைவு அப்படியே கம்பியில் நிற்கும். தாளில் வைத்து வரைந்துகொள்ளலாம். வரும் சனிக்கிழமை மாலை 4 மணிக்கு விடுதி வாசலில் கூடுவோம். அளவெடுக்கும் நேரத்தில் அந்த ஓட்டுநருக்கு ஒரு சவாரி தவறிப்போகலாம். ஆகவே அவருக்குக் கொடுக்க ஆளுக்குக் கொஞ்சம் பணமும் கொண்டு வாருங்கள்.