ஃபிரிட்ஜ் கெட்டால் கஸ்டமர் கேர்... படகு கெட்டால் யாரைக் கூப்பிடுவது?

முகப்பேர் ஏரித் திட்டத்தில் ஒரு வீட்டில் ஃபிரிட்ஜ் கூலிங் ஆகவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஆப்பைத் திறந்து புகார் போட்டால் ஒரு நம்பர் வரும். இரண்டு நாளில் மெக்கானிக் வருவார். வராவிட்டால் சோஷியல் மீடியாவில் கம்பெனியை டேக் செய்து நாலு வார்த்தை எழுதலாம். உடனே 'சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று பதிலாவது வரும்.

இதே சென்னையில் காசிமேட்டில் ஒருவர் வாங்கிய ஃபைபர் படகு, எட்டே மாதத்தில் அடியில் விரிசல் விட்டுத் தண்ணீர் ஏறுகிறது என்றால்? ஆப்பும் இல்லை, டிக்கெட் நம்பரும் இல்லை. கையில் இருப்பது யார்டுக்காரரின் செல்போன் நம்பர் மட்டும். "எங்கயாவது பாறையில மோதியிருக்கும்ண்ணே, எங்க வேலையில குறை இல்ல" என்று அவர் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. இன்ஜின் டீலரைக் கேட்டால், படகின் பின்பலகை சரியில்லாததால்தான் இன்ஜின் ஆடுகிறது என்பார். யார்டில் திரும்பக் கேட்டால், இன்ஜின் ஆடியதால்தான் பலகை விட்டுப்போச்சு என்பார்கள். நடுவில் படகு கரையில் கிடக்கும். தவணை மட்டும் மாதாமாதம் தவறாமல் வரும்.

ஃபிரிட்ஜ், படகு இரண்டுக்கும் கைகொடுக்க வேண்டியது ஒரே சட்டம்தான்: 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. ஆனால் ஃபிரிட்ஜ்காரரிடம் யாரும் கேட்காத ஒரு கேள்வியைப் படகுக்காரரிடம் முதல் நாளே கேட்பார்கள். 'இது சம்பாதிக்க வாங்கியதுதானே, நீங்கள் எப்படி நுகர்வோர் ஆவீர்கள்?' பல வழக்குகள் விரிசலைப் பற்றிப் பேசும் முன்பே இந்தக் கேள்வியில் தட்டிப்போகின்றன.

இது கடலோரத்துக்கு மட்டும் உரிய சமாச்சாரம் என்று முகப்பேர்வாசி ஒதுங்கிவிட முடியாது. குப்பத்தில் பிறந்து, படித்து, அம்பத்தூர் பக்கம் வேலைக்குச் சேர்ந்து, முகப்பேரில் வாடகைக்குக் குடியிருக்கும் தம்பி, ஊரில் இருக்கும் அண்ணனின் படகுக்குப் பணம் போடலாம். அப்போது படகு யார் பெயரில் இருக்கிறது என்பது சின்ன விஷயம் போலத் தெரியும். நுகர்வோர் ஆணையத்தில் வழக்கே அதன்மேல்தான் நிற்கும்.

பெயின்ட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது?

ஃபைபர் படகு என்பது கண்ணாடி இழைப் பாயும் ரெசினும் சேர்ந்தது. அச்சின் உட்புறத்தில் முதலில் ஜெல்கோட் பூசுவார்கள். அதன்மேல் இழைப் பாயை விரித்து, ரெசின் விட்டு, உருளையால் காற்றை அழுத்தி வெளியேற்றி, இப்படியே அடுக்கடுக்காக ஏற்றுவார்கள். எல்லாம் கைவேலை. காற்றுக் குமிழி உள்ளே மாட்டிக்கொண்டாலோ, ரெசினை இறுகவைக்கும் கெமிக்கலின் அளவு தப்பினாலோ, ஈரக்காற்று அடிக்கும் நாளில் அவசரமாக வேலையை முடித்தாலோ அடுக்குகள் சரியாக ஒட்டாது. செலவை மிச்சம் பிடிக்க இரண்டு அடுக்கைக் குறைத்தாலும் வாங்குபவருக்குத் தெரியாது. பெயின்ட் அடித்த பிறகு நல்ல படகும் மோசமான படகும் அக்கா தங்கை போலத்தான் இருக்கும்.

வித்தியாசம் கடலில்தான் தெரியும். சோழமண்டலக் கரையில் பல இடங்களில் துறைமுகம் கிடையாது. அலையை உடைத்துக்கொண்டு போய், அலையோடு வந்து மணலில் ஏற வேண்டும். ஒவ்வொரு நாளும் அடிப்பாகம் அடி வாங்கும். பின்பலகைக்குள் பிளைவுட் வைத்திருந்தால், போல்ட் துளை வழியே தண்ணீர் இறங்கி அது உள்ளுக்குள்ளேயே மக்கும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இது பெரிய அளவில் வெளியே வந்தது. கட்டுமரங்களை இழந்த ஊர்களுக்கு நன்கொடையாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. தேவை திடீரென்று ஏறியதும் புதுப்புது யார்டுகள் முளைத்தன. அவசரத்தில் கட்டிய படகுகளின் தரம் பற்றித் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கவலை எழுந்தது, ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் எச்சரித்தது. அந்தப் படகுகளுக்கு விலை கொடுத்தவர் ஒருவர், ஓட்டியவர் வேறொருவர். யார் போய்ப் புகார் செய்வது?

ஒரு கோவை மெஷினும் உச்ச நீதிமன்றமும்

'சம்பாதிக்க வாங்கியவர் நுகர்வோரா' என்ற கேள்விக்கு இன்றைக்கும் அடிப்படையாக இருப்பது படகு வழக்கு அல்ல, லேத் மெஷின் வழக்கு. லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்ற மகாராஷ்டிரச் சிறுதொழில் நிறுவனம், கோயம்புத்தூரின் பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் ஒரு சி.என்.சி. மெஷினுக்கு ஆர்டர் கொடுத்தது. மெஷின் தாமதமாக வந்தது, குறையோடு வந்தது என்பது புகார். மகாராஷ்டிர மாநில ஆணையம் 2.48 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. தேசிய ஆணையமோ, 'வாங்கியவர் நுகர்வோரே அல்ல' என்று அதை ரத்து செய்தது. 1995 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. மெஷின் நல்லதா, கெட்டதா என்பதற்குள் போகவே வேண்டியிருக்கவில்லை.

வாங்கியவர் தோற்ற வழக்கு இது. ஆனாலும் இதே தீர்ப்பில்தான் சிறு படகுக்காரருக்கான வழியும் இருக்கிறது. சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்த மட்டுமே ஒரு பொருளை வாங்கித் தானே பயன்படுத்துபவர் நுகர்வோர்தான் என்ற விளக்கம் 1993-ல் சட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தது. அதற்கு நீதிமன்றம் சொன்ன உதாரணங்கள் எளிமையானவை. ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர். லாரி வாங்கித் தானே ஓட்டுபவரும் நுகர்வோர். கூட ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது. வாங்கி வேறொருவரிடம் ஓட்டக் கொடுப்பவர் நுகர்வோர் அல்ல. 2019 சட்டத்திலும் இந்த விளக்கம் அப்படியே தொடர்கிறது.

ஆட்டோவை எடுத்துவிட்டுப் படகை வைத்துப் பார்ப்போம். சொந்தப் படகில் தானே கடலுக்குப் போகும் மீனவர் இதற்குள் வருவார். நாலைந்து படகு வைத்துக் கரையில் இருந்தபடி கணக்குப் பார்ப்பவர் வரமாட்டார். சிக்கல் நடுவில் இருக்கிறது. ஃபைபர் படகில் நாலைந்து பேர் போவது சகஜம். அவர்களில் பலர் கூலிக்காரர்கள் அல்ல. பிடித்த மீனில் பங்கு வாங்குபவர்கள். 'ஒன்றிரண்டு உதவியாளர்' என்ற அளவுகோலை இங்கே எழுத்துக்கு எழுத்து பார்த்தால் மீனவர் தோற்பார். பங்குமுறையும் சுயதொழிலின் ஒரு வடிவம்தான், அலைக்கு நடுவே ஒற்றை ஆள் வலை இழுக்க முடியாது என்பதை எடுத்துச்சொல்லி வாதாட வேண்டும். வாதாட இடமும் இருக்கிறது. போட்டோ லேப் மெஷின் வாங்கிய இரண்டு பார்ட்னர்களையும் நுகர்வோர்தான் என்று 2018-ல் பாரமவுண்ட் டிஜிட்டல் கலர் லேப் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2024 மே மாதம் ஸ்ரீராம் சிட்ஸ் வழக்கில் இன்னொன்றும் சொன்னது: 'வியாபார நோக்கம்' என்று மறுப்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். அது சேவை தொடர்பான வழக்கு. ஆனாலும் 'நீ நுகர்வோர் என்று நிரூபி' என எடுத்த எடுப்பிலேயே மடக்கும் யார்டுக்கும் டீலருக்கும் எதிராக எடுத்துக்காட்ட உதவும்.

எதைக் கேட்கலாம், எதைக் கேட்க முடியாது

புதிய சட்டத்தில் 'பொருள் பொறுப்பு' என்று தனி அத்தியாயமே இருப்பதால், எல்லா நஷ்டமும் அதில் கிடைத்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது தப்புக்கணக்கு. குறையுள்ள படகால் ஆளுக்கு அடிபட்டாலோ, படகில் இருந்த வலை போனாலோ அந்த அத்தியாயம் உதவும். படகுக்கே ஏற்பட்ட சேதமும், தொழிலுக்குப் போகாத நாட்களின் வருமான இழப்பும் அதன் கணக்கில் வராது. சட்டமே அவற்றை வெளியே தள்ளிவிட்டது. அவற்றுக்குப் பழைய வழிதான்: 'குறைபாடுள்ள பொருள், சேவைக் குறைபாடு' என்று புகார் கொடுப்பது. சரிசெய்து தரவோ, மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ ஆணையம் உத்தரவிடலாம். தயாரித்தவரின் அலட்சியத்தால் வந்த இழப்புக்குத் தனியாக ஈடும் கேட்கலாம்.

யார்டும் இன்ஜின் டீலரும் ஒருவரை ஒருவர் கைகாட்டும் விளையாட்டுக்கும் மருந்து உண்டு. இருவரையும், இன்ஜின் தயாரித்த கம்பெனியையும் சேர்த்து ஒரே புகாரில் எதிர்தரப்பாகப் போட வேண்டும். யார் மேல் தப்பு என்று அவர்கள் ஆணையத்தின் முன் அடித்துக்கொள்ளட்டும்.

ஆதாரம்தான் கஷ்டம். செல்போனை லேபுக்கு அனுப்புவது போலப் படகை அனுப்ப முடியாது. எனவே விரிசலை ஒட்டிச் சரிசெய்யும் முன்பே ஒரு மரைன் சர்வேயரிடம் காட்டி, எழுத்தில் ரிப்போர்ட் வாங்க வேண்டும். வெட்டி எடுத்த துண்டைத் தூக்கிப் போடக் கூடாது. அடுக்கு எத்தனை, எங்கே பிரிந்திருக்கிறது என்பதை அந்தத் துண்டே சொல்லும். ஆனால் தடைக்காலம் முடிந்து ஜூன் 15 அன்று விசைப்படகுகள் கிளம்பும்போது, 'சர்வேயர் வரட்டும்' என்று கரையில் காத்திருக்க யாருக்கு மனசு வரும்? ஒட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஆதாரம் அந்தப் புது ரெசினுக்கு அடியில் போய்விடும்.

பில் இல்லாதது அடுத்த ஓட்டை. பாதி ரொக்கம், பாதி ஜிபே, ஒரு துண்டுச் சீட்டில் கணக்கு. படகு வியாபாரத்தில் இது நடப்பதுதான். பில் தராமல் இருப்பதையே நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது 2019 சட்டம். பில்லோடு படகின் நீளம், அடுக்குகளின் எண்ணிக்கை, பின்பலகையின் பொருள், எத்தனை மாத வாரண்டி என்பதை ஒரு பக்கத்தில் எழுதி வாங்கினால் போதும், "பாறையில மோதியிருக்கும்" என்ற ஒற்றை வரி அவ்வளவு சுலபமாக எடுபடாது.

இதை மீனவரின் சாமர்த்தியத்துக்கு மட்டும் விட்டுவிடுவது நியாயமில்லை. பாக் நீரிணைப் பகுதி இழுவைப் படகுகளுக்குப் பதிலாக ஆழ்கடல் படகு தரும் திட்டம் 2017-ல் வந்தபோது, 80 லட்சம் ரூபாய் படகுக்கு மத்திய அரசு 50 சதவீதமும் மாநில அரசு 20 சதவீதமும் மானியம் என்று அறிவிக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளில் 2,000 படகுகள் என்ற இலக்கின் பக்கத்தில்கூடத் திட்டம் போகவில்லை என்பது தனிக்கதை. பத்து ரூபாயில் ஏழு ரூபாய் மக்கள் பணம் என்றால், கட்டித் தருபவரிடம் எழுத்தில் வாரண்டியும், இத்தனை நாளில் சர்வீஸ் என்ற உறுதியும் வாங்கித் தருவது அரசின் வேலை. சிறு ஃபைபர் படகுக்கும் இன்ஜினுக்கும் தரும் மானியத்திலும் இதே நிபந்தனை வேண்டும். பக்கத்துக் கேரளம் தன் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தைத் திருத்திப் படகு கட்டும் யார்டுகளையும் பதிவுக்குள் கொண்டுவந்தது. அங்கே மீனவர் கூட்டுறவுச் சங்கங்களின் சம்மேளனமான சிஃப்ஸ், தானே படகு கட்டும் தளங்களும் அவுட்போர்டு இன்ஜின் ஒர்க்‌ஷாப்களும் நடத்துகிறது. கம்பெனி மெக்கானிக்குக்காக வாரக்கணக்கில் காத்திருக்கும் அவஸ்தைக்கு மீனவர்களே கண்டுபிடித்த பதில் அது.

புகார் போடுவதற்கு முன்

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்வது முதல் படி. அதில் தீராவிட்டால் ஆணையம். புகாரை இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். இன்ஜின் கம்பெனியின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். இது பழைய சட்டத்தில் இல்லாத வசதி. ஒரே யார்டில் வாங்கிய பலருக்கும் ஒரே மாதிரி விரிசல் என்றால், ஆணையத்தின் அனுமதியோடு எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரே புகார் கொடுக்கலாம்.

கெடு இரண்டு ஆண்டு. "அடுத்த வாரம் ஆள் அனுப்புறேன்" என்ற வாக்குறுதியை நம்பிக் காத்திருந்தால் கெடு தானாக நீளாது. தக்க காரணம் காட்டினால் ஆணையம் தாமதத்தை மன்னிக்கலாம், ஆனால் அது உத்தரவாதமில்லை. பரிசோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். இழுக்கும் என்று எதிர்பார்த்தே போவது நல்லது.

இப்போது முகப்பேர் தம்பிக்கு வருவோம். படகின் விலை 8 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடலுக்குப் போகும் அண்ணன் தன் பெயரில் வாங்கியிருந்தால், மாவட்ட ஆணையத்தில் அவர் கட்ட வேண்டிய கட்டணம் 200 ரூபாய். விலை 5 லட்சத்துக்குள் என்றால் அதுவும் கிடையாது. சம்பளத்தில் மிச்சம் பிடித்துத் தம்பி தன் பெயரில் வாங்கி, பங்குக்கு ஓட்டக் கொடுத்திருந்தால், அவர் பெரும்பாலும் 'வியாபார நோக்கம்' என்ற வாசலிலேயே நிறுத்தப்படுவார். அவருக்கு மிஞ்சுவது சிவில் நீதிமன்றம். தமிழ்நாட்டில் பண வழக்குக்குக் கட்டணம் 3 சதவீதம், அதாவது 24,000 ரூபாய். 2017-ல் குறைப்பதற்கு முன் இது 7.5 சதவீதமாக இருந்தது. தெரியாமல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போய்த் திரும்பியவர்கள், அங்கே செலவான காலத்தை சிவில் வழக்கின் கெடுவிலிருந்து கழிக்கச் சொல்லிக் கேட்கலாம். லக்ஷ்மி இன்ஜினியரிங் தீர்ப்பே அந்த வாய்ப்பைத் தந்திருக்கிறது.

அண்ணன்தான் ஓட்டப்போகிறார், வருமானமும் அவருக்குத்தான் என்றால், பில்லும் மீன்வளத் துறைப் பதிவும் அவர் பெயரிலேயே இருக்கட்டும். தம்பி போட்ட பணத்துக்குக் கடன் பத்திரம் ஒன்று எழுதிக்கொள்ளலாம். இதை அட்வான்ஸ் கொடுக்கும்போதே பேசி முடிக்க வேண்டும். விரிசல் விட்ட பிறகு பெயரை மாற்றினால், வாங்கியவர் யார் என்று எதிர்தரப்பு வக்கீல் கேட்கும்போது பதில் இருக்காது.