உப்பளம் ஒதுக்கிய உப்புகள்

அரிமளத்தில் வீட்டுக்குள் கடல் மீன் வளர்க்கிறேன் என்று சொன்னால் முதலில் வருகிற கேள்வி, "கடல்தான் கிட்ட இருக்கே, நாலு கேன்ல மொண்டுட்டு வந்தா ஆச்சே?" என்பது. அடுத்தது, வாளி உப்பின் விலையைக் கேட்டதும் வரும்: "உப்புதானே அண்ணே, வேதாரண்யம் கல் உப்பு பத்தாதா?" இரண்டையும் கேட்டவர் எங்கள் தெருத் தம்பி. கோமாளி மீன் ஒரு ஜோடி வளர்க்க வேண்டுமென்று நூறு லிட்டர் தொட்டி வாங்கி வைத்திருக்கிறார். இரண்டுமே நியாயமான கேள்விகள். இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன், விஷயம் அங்கேதான் இருக்கிறது.

உப்பளத்தில் கடல்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிக் காயவிடும்போது எல்லா உப்பும் சேர்ந்து படிவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. சுண்ணாம்பு முதலில் படியும், அடுத்து ஜிப்சம். அடர்த்தி காட்டும் பாமே மானியில் நீர் 25 டிகிரியைத் தொட்டால்தான் நாம் சாப்பிடுகிற சோடியம் குளோரைடு மணி கட்டத் தொடங்கும். அப்போது வாருகிறார்கள். 29, 30 டிகிரி ஆனதும் மிச்சமிருக்கும் நீரை வடித்து விடுகிறார்கள். வடிக்காமல் விட்டால் மக்னீசியம் ஏறி உப்பு கசந்துபோகும், மூட்டையில் ஈரம் கசியும். ஆக, நல்ல சமையல் உப்பு என்பது கடலிலிருந்து கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம், புரோமைடு எல்லாவற்றையும் கூடியவரை கழித்துவிட்டு எடுத்தது. கழிப்பதில்தான் உப்பளக்காரரின் திறமை.

தொட்டிக்கு வேண்டியதோ அப்படிக் கழித்ததெல்லாம் சேர்ந்த முழுக் கடல். ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. அதில் குளோரைடு 19 கிராமுக்குச் சற்று மேல், சோடியம் 10.8, சல்பேட் 2.7, மக்னீசியம் 1.3 கிராம். கால்சியமும் பொட்டாசியமும் தலா 0.4 கிராம். பைகார்பனேட் அதைவிடவும் குறைவு. அளவில் சின்னவைதான், ஆனாலும் பவளம் எலும்புக்கூடு கட்டுவது கால்சியத்தையும் கார்பனேட்டையும் கொண்டு. அந்த இரண்டும் தண்ணீரிலேயே தாமாகச் சேர்ந்து படிந்துவிடாமல் பிடித்து வைப்பது மக்னீசியம். கல் உப்பைக் கரைத்து மானியில் கடலின் அடர்த்தியைக் கொண்டுவந்துவிடலாம். நாக்கில் வைத்தாலும் கரிக்கும். ஆனால் அது கடல்நீர் ஆகாது. கல் உப்புக்கு நன்னீர் மீன்களின் வைத்தியத்தில் இடம் உண்டு, அதோடு சரி.

கடலின் உப்புக் கணக்கைத் தெளிவாக எழுதிவைத்தவர் வில்லியம் டிட்மார். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் பல கடல்களிலிருந்து கொண்டுவந்த 77 மாதிரிகளை ஆராய்ந்து 1884-ல் முடிவை வெளியிட்டார். உப்பின் மொத்த அளவு இடத்துக்கு இடம் கூடும், குறையும். ஆனால் முக்கியமான உப்புகள் ஒன்றுக்கொன்று நிற்கிற விகிதம் எங்கும் அநேகமாக ஒன்றே. பாக் விரிகுடாவில் ஐப்பசி, கார்த்திகையில் மழைநீர் கலந்து உவர்ப்பு குறைவதும் சித்திரையில் ஏறுவதும் நமக்குத் தெரிந்த சங்கதி. அப்போதும் மாறுவது தண்ணீரின் பங்கு, உப்புகளின் விகிதம் அப்படியே இருக்கும். எந்தக் கம்பெனி உப்பையும் நான் இந்த விகிதத்தை வைத்துத்தான் எடை போடுகிறேன்.

டிட்மாருக்கு முன்பே, 1854-ல், இங்கிலாந்தில் பிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கையியலாளர் நாலே பொருளில் செயற்கைக் கடல்நீருக்கு ஒரு பக்குவம் வெளியிட்டார்: சமையல் உப்பு, எப்சம் உப்பு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு. உப்பளம் வடித்துக் கொட்டுகிற மக்னீசியத்தையும் பொட்டாசியத்தையும் அவர் திரும்பச் சேர்த்திருக்கிறார். கடலிலிருந்து எட்டியிருக்கிற ஊர்களில் கடல் உயிர்களை வைத்துப் பார்க்க வழி திறந்தது அதனால்தான். நம்மிடம் 1909-ல் எட்கர் தர்ஸ்டன் முயற்சியில் திறந்த சென்னை மீன் காட்சியகம் மெரினா கரையிலேயே இருந்தது, கடல் எதிரிலேயே. அரிமளத்துக்கு அந்த வசதி இல்லை.

உப்பைப் பொறுத்தவரை எங்கள் ஊருக்கு ஒரு பழைய கதை உண்டு. அரிமளம் அடங்கிய புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்குக் கடற்கரையே கிடையாது. கோட்டைப்பட்டினமும் மணமேல்குடியும் சமஸ்தானத்துக்கு வெளியே இருந்தவை. 1974-ல் புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோதுதான் கடல் நம் பங்குக்கு வந்தது. கடல் இல்லாத அந்த நாட்டில் உவர்மண்ணைக் கரைத்து, வடிகட்டி, காயவைத்து மண்ணுப்பு எடுத்தார்கள். சேஷய்ய சாஸ்திரி நிர்வாகம் பார்த்த காலத்தில், 1887-ல், ஆங்கிலேய அரசுடன் செய்த உடன்பாட்டின்படி அந்தத் தொழில் நிறுத்தப்பட்டது. அதற்கு ஈடாக வருஷத்துக்கு 38,000 ரூபாய் கிடைத்தது. பணம் கஜானாவுக்குப் போயிற்று, தொழில் போனது மண் கரைத்தவர்களுக்கு. உப்பு வரியென்றால் தண்டியும் வேதாரண்யமும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. இதையும் எங்கள் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

சரி, கடல்நீரையே கொண்டுவந்தால் என்ன? முடியாத காரியமில்லை. கடலோர ஊர்களில் தொட்டி வைத்திருப்பவர்கள் பலர் அதைத்தான் செய்கிறார்கள். மண்டபத்தில் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கும், பரங்கிப்பேட்டையில் அதே வேலையைச் செய்த அண்ணாமலைப் பல்கலைக்கழக மையத்துக்கும் கடல் வாசலில் இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கடல் வேறு மாதிரி. பாக் விரிகுடா ஆழமில்லாதது, காற்று திரும்பினால் சேறு கலங்கும். ஜெகதாப்பட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் விசைப்படகுகள் நிற்கிற இடத்தில் டீசல் படலம் மிதக்கும். கரையோரத்தில் இறால் பண்ணைகளின் கழிவுநீர் வேறு. படகில் உள்ளே போய் மொண்டு, வண்டியில் ஏற்றி, ப்ளீச்சிங் போட்டு, தையோசல்பேட்டால் குளோரினை முறித்து, தெளியவைத்து வடிகட்டி, பிறகு உவர்ப்பைச் சரிபார்த்து ஊற்றலாம். வாரா வாரம் அதற்கு ஆள் இருக்கிற வீட்டுக்கு அது சரி. தம்பி வேலைக்குப் போகிறவர். வாளி உப்புதான் அவருக்கு வழி.

எந்த வாளி? கடையில் இன்ஸ்டன்ட் ஓஷன், ரெட் சீ, ட்ராபிக் மரின், அக்வாஃபாரஸ்ட் என்று அடுக்கியிருப்பார்கள். விலையைப் பார்ப்பதற்கு முன் வாளியின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கிற மூன்று எண்களைப் படியுங்கள்: கே.எச். என்கிற காரத்தன்மை, கால்சியம், மக்னீசியம். 35 உவர்ப்பில் இயற்கைக் கடலின் கே.எச். 7-ஐ ஒட்டியும், கால்சியம் லிட்டருக்கு 420 மில்லிகிராமை ஒட்டியும், மக்னீசியம் 1,300-ஐ ஒட்டியும் இருக்கும். இதற்குப் பக்கத்தில் நிற்பது சாதாரண உப்பு. கே.எச். 11, 12 என்று போட்டிருந்தால் அது வேகமாக வளரும் பவளங்கள் நிறைந்த தொட்டிக்காகச் செய்தது. கோமாளி மீனும் இரண்டு இறாலும் நத்தையும் இருக்கிற தொட்டிக்கு அந்த விலை வீண். கடைக்காரர் அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார். மறுத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.

பவளத்தைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. பவளப்பாறை கட்டும் பவளங்களும் கடல்விசிறிகளும் கடற்குதிரைகளும் 2001-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. மன்னார் வளைகுடாவிலிருந்தோ பாக் விரிகுடாவிலிருந்தோ ஒரு துண்டு எடுத்தாலும் குற்றம். செத்த பவளக்கல் என்று சொல்லி விற்றாலும் வாங்காதீர்கள். மீனும் பண்ணையில் பொரித்ததா என்று கேட்டு வாங்குங்கள். அந்த மீன் தொட்டி வாழ்க்கைக்குப் பழகியது, தீனியும் எடுக்கும், கடலில் ஒன்று குறையவும் செய்யாது.

ஒரு உப்பை முடிவு செய்தால் அதிலேயே நில்லுங்கள். வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றுகிற தொட்டியில் கே.எச். 7 இருக்க, 12 உள்ள புதுத் தண்ணீர் ஊற்றினால் அரைப் புள்ளிதான் ஏறும். பாதித் தண்ணீரை ஒரே நாளில் மாற்றினால் இரண்டரை ஏறிவிடும், அது பவளத்தைச் சுட்டுவிடும். அளவு சற்று முன்னே பின்னே இருந்தாலும் உயிர்கள் பழகிக்கொள்ளும். இன்றைக்கு ஒன்றும் நாளைக்கு ஒன்றுமாக மாறுவதுதான் அவற்றுக்கு ஆகாது.

உப்பை விட என்னைக் கவலைப்பட வைப்பது அதைக் கரைக்கிற தண்ணீர். எங்கள் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. பாத்திரத்தில் காய்ந்தால் வெள்ளைப் படிவு நிற்கும். அந்தக் கால்சியமும் அதோடு வருகிற நைட்ரேட்டும் சிலிகேட்டும் உப்போடு சேர்ந்து தொட்டிக்குள் போனால் வாளியில் அச்சிட்ட எண்களுக்கு அர்த்தமில்லை, கண்ணாடியெல்லாம் பாசி பிடிக்கும். வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் நல்லது, ஆனால் மினரல் சேர்க்கிற குழாய்க்கு முன்பே பிடிக்க வேண்டும். உடம்புக்கு நல்லதென்று செம்பு சேர்த்துத் தருகிற ஆர்.ஓ.க்கள் இப்போது வந்திருக்கின்றன. அந்தத் தண்ணீர் இறாலையும் நத்தையையும் கடல் சாமந்தியையும் கொன்றுவிடும், செம்பு அவற்றுக்கு விஷம். அரிமளத்துப் பெரிய வீடுகளில் முற்றத்து மழைநீரை அண்டாவில் பிடித்து வைக்கிற வழக்கம் உண்டு. முதல் மழையை விட்டுவிட்டு அடுத்த மழையில் பிடித்த தண்ணீர் உப்பு கலக்க அருமையானது. அதைப் பித்தளையிலோ செம்பிலோ பிடிக்காமல் பிளாஸ்டிக் டிரம்மில் பிடிக்க வேண்டும். எதுவானாலும் டி.டி.எஸ். மானியை ஒருமுறை முக்கிப் பாருங்கள், எண் பூஜ்யத்தை ஒட்டி இருக்கட்டும்.

கலக்கும்போது தண்ணீரில் உப்பைப் போட வேண்டும், உப்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஊற்றினால் அடியில் செறிவு தாறுமாறாக ஏறி, கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து கரையாத மாவாகிவிடும். டிரம்மில் சின்ன மோட்டாரை ஓடவிட்டு, லிட்டருக்கு 36 கிராம் அளவில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். முதலில் நீர் அரிசி கழுவிய தண்ணீர்போல் வெளுக்கும். பிறகு சுழலின் நடுவிலிருந்து தெளிந்துகொண்டே வந்து டிரம்மின் அடி தெரியும். முழுக்கத் தெளிந்ததும் ஒளிவிலகல் மானியின் கண்ணாடியில் இரண்டு சொட்டு விட்டு வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால், மேலே நீலமும் கீழே வெள்ளையும் பிரிகிற கோடு 35-ல் நிற்க வேண்டும். மானியை வெறும் தண்ணீரால் மட்டும் சரிபார்ப்பது போதாது, 35 உவர்ப்புள்ள சோதனைக் கரைசல் தனியாக விற்கிறது. காரம் அதிகமுள்ள உப்பை ராத்திரி முழுக்கச் சுழலவிட்டால் டிரம் சுவரில் வெள்ளையாகப் படிந்து வீணாகும், வாளியில் சொன்ன நேரத்துக்குள் ஊற்றிவிடுங்கள்.

கத்திரி வெயிலில் எங்கள் ஊரில் தொட்டியே ஒரு சின்ன உப்பளம் ஆகிவிடுகிறது. தண்ணீர் ஆவியாகும், உப்பு போகாது. நூறு லிட்டரில் பத்து லிட்டர் வற்றினால் 35 உவர்ப்பு 39-ஐத் தொடும். குறைந்த பத்து லிட்டருக்கு உப்புத் தண்ணீரையே ஊற்றினால் 38.5-ல் நின்றுவிடும், அடுத்த வாரம் இன்னும் ஏறும். தினமும் குறைகிற அளவுக்கு நல்ல தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீர் வெளியே எடுத்த அளவுக்கு மட்டும். குளிர்விக்கும் எந்திரம் வாங்க முடியாதவர்கள் நீர்ப்பரப்பில் விசிறி வைப்பார்கள். சூடு இரண்டு மூன்று டிகிரி குறையும், ஆனால் இன்னும் வேகமாக வற்றும். மின்சாரம் நிற்கிற நேரத்துக்கு பேட்டரி காற்றுப் பம்பு ஒன்று கட்டாயம் வேண்டும்.

தம்பி பெரிய வாளியாக வாங்கினால் கிலோவுக்கு விலை குறைகிறது என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தோம். தொட்டி நிரப்ப 3.6 கிலோ, பிறகு வாரம் பத்து லிட்டருக்கு 360 கிராம். 22 கிலோ வாளி ஒரு வருஷம் வரும். உப்பில் இருக்கிற மக்னீசியம் குளோரைடும் கால்சியம் குளோரைடும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுபவை. திறந்த வாளி ஒரு மழைக்காலத்தைத் தாண்டினால் கல்லாக இறுகும், எண்களும் மாறும். கடையில் பிரித்துக் கவரில் போட்டு விற்பதிலும் அதே ஆபத்து உண்டு, எந்தக் கம்பெனி உப்பு என்பதும் தெரியாது. நுண்பொடி அடியில் தங்கிவிடுவதால் மேலாக அள்ளிய உப்புக்கும் அடியில் அள்ளிய உப்புக்கும் கலவை ஒன்றாக இருக்காது. அள்ளுவதற்கு முன் வாளியை உருட்டிக் கலக்க வேண்டும். கே.எச். 8 அச்சிட்ட சாதாரண உப்பை, சீல் பிரிக்காத நாலு கிலோ பொதிகளாக வாங்கிக்கொள்ளச் சொன்னேன். முதல் பொதி தொட்டியை நிரப்பச் சரியாக இருக்கும். பிறகு ஒவ்வொரு பொதியும் பதினோரு வாரம் வரும்.