நோயற்றவர் கையில் குளுக்கோஸ் உணரி

பெரிய நாணயம் அளவிலான ஒரு வில்லை. மேற்கையில் ஒட்டிக்கொண்டால், அதன் மெல்லிய இழை தோலுக்கடியிலுள்ள திசுநீரின் குளுக்கோசை அளந்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை கைபேசிக்கு அனுப்புகிறது. ஏறத்தாழ இரண்டு வாரம் உழைத்தபின் குப்பைக்குப் போகிறது. இன்சுலினை நம்பி வாழும் முதல்வகை நீரிழிவுக் குழந்தைக்கு இது உயிர்காப்புக் கருவி. நள்ளிரவில் சர்க்கரை சரியும்போது பெற்றோரை எழுப்பும் வகைகளும் உண்டு.

இக்கருவி இன்று நோயற்றோரிடம் விற்கப்படுகிறது. அமெரிக்காவில் 2024 மார்ச்சில் டெக்ஸ்காமின் ஸ்டெலோவும், ஜூனில் அபாட்டின் லிங்கோவும் மருத்துவர் சீட்டின்றி விற்க அனுமதி பெற்றன. இந்தியாவில் பெங்களூரின் அல்ட்ராஹியூமன் அதற்கு முன்பே இவ்வணிகத்தில் இறங்கிவிட்டது. 'மெட்டபாலிக் ஃபிட்னஸ்' என்பது இச்சந்தையின் மந்திரச் சொல். அதற்குத் தமிழ்ச்சொல் தேடி நாம் உழைப்பை வீணாக்க வேண்டியதில்லை.

உணவுக்குப் பின் சர்க்கரை ஏறுவதும், ஓரிரு மணி நேரத்தில் இறங்குவதும் நலமுள்ள உடலின் இயல்பு. அந்த ஏற்றத்தைத் தட்டையாக்கினால் நோயற்றவருக்கு நெடுங்கால நன்மை விளையும் என்பதற்குத் திடமான சான்று இதுவரை இல்லை. உறக்கத்தில் அக்கையின்மேல் சாய்ந்து படுத்தாலே அளவு பொய்யாகக் குறைந்து காட்டக்கூடும். எனினும் சோறு உண்டவர் திரையில் எழும் வளைகோட்டைக் கண்டு அஞ்சுகிறார். அவ்வச்சமே அடுத்த வில்லையை விற்றுத் தருகிறது.

நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும், 13.6 கோடிப் பேருக்கு அதன் முன்நிலையும் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு 2023இல் மதிப்பிட்டது. அப்படியானால் எல்லோரும் கண்காணித்துக்கொள்வது நல்லதல்லவா எனத் தோழர்கள் கேட்கலாம். முன்நிலையைக் கண்டறிய எளிய இரத்தப் பரிசோதனை போதும். அதைத் துணைச் சுகாதார நிலையம்வரை கொண்டுசெல்வதே தேவை. நியாயவிலைக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் தீட்டிய அரிசியும் கோதுமையும். பருப்புக்கும் காய்கறிக்கும் கூலி எட்டுவதில்லை. இரவுப் பணி உறக்கத்தைத் தின்கிறது. இவற்றால் விளையும் நோயைத் தனிமனிதரின் ஒழுக்கக் குறைவாகக் காட்டுவது முதலாளித்துவத்திற்கு வசதியானது. கருவி வாங்க இயலாதவர் அலட்சியக்காரராகிவிடுகிறார்.

திரட்டப்படும் தகவலும் ஒரு பண்டமே. 2019ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்பு மசோதா உடல்நலத் தகவலைத் தனிவகையாகப் பிரித்துக் கூடுதல் பாதுகாப்பு அளித்திருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டம் அந்த வேறுபாட்டையே கைவிட்டது. காப்பீட்டு நிறுவனமோ வேலையளிப்பவரோ நாளை இவ்வளைகோட்டைக் கேட்டால், தொழிலாளி மறுக்கும் நிலையில் இருப்பாரா?

1923இல் இன்சுலினின் காப்புரிமையை பாண்டிங்கின் சகாக்கள் தலைக்கு ஒரு டாலருக்கு டொராண்டோ பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர். இன்று ஓர் உணரிக்குச் சில ஆயிரம் ரூபாய் கேட்கிறார்கள். மருத்துவக் கருவிகள் 2020 ஏப்ரல் முதல் மருந்து என்ற வரையறைக்குள் வந்துவிட்டன. ஆயினும் விலையை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பதே பெரும்பாலானவற்றுக்கான கட்டுப்பாடு. முதலில் வைக்கும் விலைக்கு வரம்பில்லை. 2017 பிப்ரவரியில் இதய ஸ்டென்டுகளுக்கு உச்சவிலை விதித்த ஒன்றிய அரசால் உணரிகளுக்கும் விதிக்க முடியும். இன்சுலின் செலுத்தும் ஒவ்வொரு குழந்தைக்கும் இன்சுலின், பரிசோதனைப் பட்டை, உணரி ஆகிய மூன்றையும் அரசு மருத்துவமனைகள் விலையின்றி வழங்க வேண்டும். அதற்கான ஒதுக்கீட்டை வரும் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவிக்க வேண்டும்.